செருப்பு கழன்றது தெரியாத கால்

கேள்வி: எனக்கு வயது 36. கும்பகோணத்துக்கு அருகே ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருக்கிறேன். ஐந்து மாதங்களுக்கு முன் இடது பாதத்தில் மதமதப்பாகத் தொடங்கியது, இப்போது இரண்டு கால்களிலும் கணுக்கால் வரை ஏறியிருக்கிறது. விரல் நுனிகளில் அவ்வப்போது சுருக்கென்று குத்துகிறது. கெண்டைக்காலிலும் கண் இமையிலும் சதை தானாகத் துடிக்கிறது. மாலையானால் உடம்பு அடித்துப் போட்டதுபோல் ஆகிவிடுகிறது. ஒருநாள் பேருந்து நிறுத்தத்துக்கு நடக்கும்போது ஒரு கால் செருப்பு கழன்று விழுந்ததைப் பின்னால் வந்தவர் கூப்பிட்டுச் சொன்ன பிறகுதான் கவனித்தேன். முதலில் பார்த்த மருத்துவர் ‘டென்ஷன்’ என்று சொல்லிப் பத்து பி12 ஊசி போட்டார். அதற்குப் பிறகு எடுத்த ரத்தப் பரிசோதனையில் பி12 அளவு அதிகமாகவே இருந்தது. மூளை எம்.ஆர்.ஐ.யில் ஓரிரு வெண்புள்ளிகள், ஆனால் குறிப்பாக எதையும் சுட்டவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். இப்போது பார்க்கும் நரம்பியல் மருத்துவர் நரம்புக் கடத்தல் பரிசோதனைக்கும் முதுகுத்தண்டு எம்.ஆர்.ஐ.க்கும் எழுதிக் கொடுத்திருக்கிறார். ஏழு வாரம் கழித்துத்தான் நாள் கிடைத்திருக்கிறது. ‘ரிப்போர்ட் எல்லாம் நார்மல்தானே’ என்கிறார் கணவர். மாமியார் ‘நரம்புத் தளர்ச்சி’ என்று லேகியம் வாங்கித் தந்திருக்கிறார். எனக்குச் சரியானால் என்னைச் சமயபுரத்துக்கு நடக்க வைப்பதாக வேண்டிக்கொண்டும் இருக்கிறார். இரவு இரண்டு மணிக்கு எழுந்து கைப்பேசியில் தேடுகிறேன். தேடத் தேட மோட்டார் நியூரான் நோய், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்றுதான் வருகிறது. ஒன்பது வயது மகள் இருக்கிறாள். எனக்கு வந்திருப்பது உண்மையான நோயா, நானாகக் கற்பித்துக்கொள்கிறேனா? இந்த ஏழு வாரத்தை எப்படிக் கடத்துவது?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கும் ஒரு வரியை நான் மூன்று முறை படித்தேன். செருப்பு கழன்று விழுந்தது தெரியவில்லை என்ற வரி அது. முப்பது ஆண்டுகளாக நரம்பியல் புறநோயாளிப் பிரிவில் உட்கார்ந்திருக்கும் எனக்கு அந்த வரி பல ரிப்போர்ட்டுகளைவிட அதிகம் சொல்கிறது. ஹவாய்ச் செருப்பு காலில் நிற்பது கட்டைவிரலும் பக்கத்து விரலும் வாரை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதால்தான். அந்தப் பிடி தளர்ந்ததை மூளைக்குச் சொல்லும் செய்தி எங்கோ வழியில் மங்கிப்போகிறது என்பதற்கு அது ஒரு நல்ல தடயம். இந்த வரியை உங்கள் மருத்துவரிடம் சொன்னீர்களா என்று கடிதத்தில் இல்லை. சொல்லியிருக்க மாட்டீர்கள் என்றே நினைக்கிறேன், ஏனென்றால் நோயாளிகள் பெரும்பாலும் அஞ்சுவதை முதலில் சொல்வார்கள், நடந்ததைக் கடைசியில்தான் சொல்வார்கள்.

கடிதத்தை வைத்து உங்கள் நோய்க்குப் பெயர் சூட்ட என்னால் முடியாது. சூட்டினால் அது தவறு. ஆனால் நீங்கள் கேட்ட முதல் கேள்விக்குத் தயங்காமல் பதில் சொல்லலாம்: நீங்கள் எதையும் கற்பித்துக்கொள்ளவில்லை. பெயர் இன்னும் கிடைக்கவில்லை என்பதும் நோய் இல்லை என்பதும் ஒன்றல்ல. இந்த இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவதில் வீட்டாருக்கு மட்டுமல்ல, எங்கள் தொழிலைச் சேர்ந்த சிலருக்கும் பங்குண்டு.

உங்கள் கையில் இருக்கும் பரிசோதனைச் சீட்டையே எடுத்துப் பாருங்கள். நரம்பில் மின்செய்தி ஓடும் வேகத்தை அளக்கும் நரம்புக் கடத்தல் பரிசோதனையும் முதுகுத்தண்டு எம்.ஆர்.ஐ.யும் சேர்த்து எழுதியிருக்கிறார் என்றால், உங்கள் மருத்துவர் இரண்டு இடங்களைச் சந்தேகிக்கிறார் என்று பொருள். இடுப்பிலிருந்து கால் விரல் வரை ஓடும் நரம்பு ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளமுடையது. நரம்புகள் பொதுவாகப் பாதிக்கப்படும்போது மிக நீளமானவற்றின் நுனிதான் முதலில் வாடும், அதனால்தான் மதமதப்பு பாதத்தில் தொடங்கிக் காலுறை போட்டதுபோல் மேலே ஏறுகிறது. வழக்கமாக அது முழங்காலை நெருங்கும் கட்டத்தில்தான் கைவிரல் நுனிகளுக்கு வரும். உங்களுக்குக் கணுக்காலில் இருக்கும்போதே விரல்களிலும் குத்தல் வந்திருப்பதால், கழுத்துப் பகுதித் தண்டுவடத்தையும் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று அவர் நினைத்திருக்கக்கூடும். இப்படி எழுதியவர் உங்களை ‘டென்ஷன்’ என்று தள்ளிவிடவில்லை. நீங்கள் இரவெல்லாம் தேடும்போது, உங்களுக்காக முறையாக யோசிக்கும் ஒருவர் இருக்கிறார் என்பதை மறந்துவிடுகிறீர்கள்.

கணவர் சொல்லும் ‘நார்மல்’ என்ற சொல்லுக்கு வருகிறேன். மூளை எம்.ஆர்.ஐ. மூளையை மட்டும் காட்டும். தண்டுவடமும், அதிலிருந்து கிளம்பிக் கைகால்களுக்குப் போகும் நரம்புகளும், நரம்பு தசையைத் தொடும் சந்திப்பும் அந்தப் படத்தில் இல்லை. ஏழு வாரம் கழித்துச் செய்யப்போகும் நரம்புக் கடத்தல் பரிசோதனைக்கும் எல்லை உண்டு. அது தடித்த நரம்பிழைகளையே அளக்கும், எரிச்சலையும் சூட்டையும் கடத்தும் மெல்லிய இழைகள் மட்டும் பழுதானால் அந்த அறிக்கை நார்மலாகவே வரும். அப்போது தோலிலிருந்து ஒரு சிறு துணுக்கை எடுத்து நுண்ணோக்கியில் இழைகளை எண்ண வேண்டியிருக்கும். ஆகவே ‘இந்தப் பரிசோதனை நார்மலாக வந்தால் அடுத்து என்ன பார்ப்பீர்கள்?’ என்ற கேள்வியை இப்போதே எழுதி வைத்துக்கொண்டு மருத்துவரிடம் கேளுங்கள். அந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் வீட்டுக்கு வந்து, நார்மல் என்ற சொல்லைத் தண்டனைபோல் சுமந்து திரிபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

வெண்புள்ளிகளைப் பற்றி: ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கும், ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கும், வயது ஏற ஏற எந்தக் குறையும் இல்லாதவர்களுக்கும்கூட மூளைப் படத்தில் இப்படிப்பட்ட புள்ளிகள் தெரிவதுண்டு. மூளை, தண்டுவட நரம்பிழைகளின் உறையை உடம்பின் எதிர்ப்பாற்றலே தாக்கும் நோயான மல்டிபிள் ஸ்கிளிரோசிஸில் வரும் புள்ளிகளுக்கு இருக்கும் இடமும் வடிவமும் வேறு. படம் பார்த்தவருக்கு அந்த ஐயம் வலுவாக இருந்திருந்தால் அதை எழுதாமல் விட்டிருக்க மாட்டார். ஆனால் ‘கிளினிக்கல் கோரிலேஷன் தேவை’ (நோயாளியின் அறிகுறிகளோடு ஒப்பிட்டுப் பார்க்கவும்) என்ற வரி அறிக்கையின் அடியில் இருந்தால் அதைப் படித்து மிரள வேண்டாம். எங்கள் ஊர் ரேடியாலஜிஸ்டுகள் அதைக் கடிதத்தின் அடியில் ‘இப்படிக்கு’ போடுவதுபோல் போட்டுவிடுவார்கள்.

பி12 விஷயம் சற்று விரிவாகப் பேசத்தக்கது, ஏனென்றால் இங்கேதான் ஒரு முடிச்சு விழுந்திருக்கிறது. பி12 குறைந்தால் பாத நரம்புகளும் தண்டுவடத்தின் பின்பகுதியும் சேர்ந்தே கெடலாம். சைவ உணவு மட்டும் உண்பவர்களுக்கும், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரையை நீண்ட நாள் சாப்பிடுபவர்களுக்கும், வயிற்றில் அந்த வைட்டமினை உறிஞ்சத் துணைபுரியும் பொருள் சுரக்காதவர்களுக்கும் அது குறையும். உங்களுக்கு முதலில் ஊசி, பிறகு ரத்தப் பரிசோதனை என்று வரிசை தலைகீழாக நடந்திருக்கிறது. ஊசி போட்ட பிறகு எடுத்த அளவு, போட்ட ஊசியைத்தான் காட்டுமே தவிர, அதற்கு முன் உங்கள் உடம்பில் என்ன இருந்தது என்பதைக் காட்டாது. இது உங்கள் தவறு அல்ல. ஆனால் எந்தெந்தத் தேதியில் எத்தனை ஊசி போட்டீர்கள், அவற்றுக்குப் பிறகு மதமதப்பு ஏறும் வேகம் குறைந்ததா என்பதை எழுதிக்கொண்டு போங்கள். ஊசிக்கு முன் வேறு காரணத்துக்காக எடுத்த பழைய ரத்தப் பரிசோதனைச் சீட்டு எங்காவது பீரோவில் இருந்தால், அதில் ரத்தச் சிவப்பணுக்களின் பருமன் எழுதியிருக்கும், பி12 குறைவுக்கு அதுவும் ஒரு தடயம் என்பதால் அதையும் தேடி எடுங்கள். காரணம் பி12 ஆகவே இருந்தாலும் நரம்பு தேறுவதற்கு மாதக்கணக்கில் ஆகும். அறுபட்ட நரம்பே ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான் வளரும் என்பதை நினைவில் வைத்தால், பத்து ஊசியில் பலன் தெரியவில்லையே என்ற மனச்சோர்வு கொஞ்சம் குறையும்.

மருந்துக்கடையில் தாமாகக் கேட்டு வாங்கும் ‘நரம்பு மாத்திரை’களில் இன்னொரு ஆபத்து உண்டு. அவற்றில் பலவற்றில் பி6 கலந்திருக்கும். வைட்டமின் குறைவால் நரம்பு கெடுவது எல்லோருக்கும் தெரியும். பி6 மட்டும் அளவுக்கு மீறினாலும் உணர்ச்சி நரம்புகளைக் கெடுக்கும் என்பது பலருக்குத் தெரியாது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் பெரியவர்களுக்கான உச்ச வரம்பை 25 மில்லிகிராமிலிருந்து 2023-இல் நாளொன்றுக்கு 12 மில்லிகிராமாகக் குறைத்தது. நீங்களும் அப்படி ஏதாவது வாங்கியிருந்தால் மாத்திரை அட்டையின் பின்புறத்தைப் பார்த்து, பைரிடாக்சின் (பி6-இன் இன்னொரு பெயர்) என்ற பெயருக்கு எதிரே இருக்கும் எண்ணை மருத்துவரிடம் காட்டுங்கள்.

லேகியத்தையும் அப்படியே பாட்டிலோடு எடுத்துப் போங்கள், அதுவரை சாப்பிட வேண்டாம். மாமியாரின் அக்கறையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் இணையத்தில் விற்கப்பட்ட 193 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்து 2008-இல் அமெரிக்க மருத்துவ இதழொன்றில் வெளியான ஆய்வில், ஐந்தில் ஒன்றில் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. ஈயமும் ஆர்சனிக்கும் கைகால் நரம்புகளைக் கெடுப்பவை. நரம்பு ஏன் கெடுகிறது என்று தேடிக்கொண்டிருக்கும் வேளையில், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத ஒன்றை உடம்புக்குள் புதிதாக அனுப்புவது தேடுபவரின் கண்ணில் மண்ணைத் தூவுவதாகும்.

‘நரம்புத் தளர்ச்சி’ என்ற சொல்லையும் ஓரமாக வைத்துவிடுவோம். 1869-இல் அமெரிக்க மருத்துவர் ஜார்ஜ் பியர்ட் பரப்பிய ‘நியூராஸ்தீனியா’ என்ற கருத்து மருத்துவத்தில் எப்போதோ வழக்கொழிந்துவிட்டது. நம் ஊரில் மட்டும் சுவரொட்டிகளிலும் லாட்ஜ் வைத்தியர்களின் விளம்பரங்களிலும் அது போன்றதொரு சொல் இன்னும் கொழுத்துத் திரிகிறது. கை நடுக்கத்திலிருந்து தாம்பத்தியக் குறைவரை எல்லாவற்றுக்கும் அந்த ஒரே பெயர். எல்லாவற்றுக்கும் பொருந்தும் பெயர் எதையும் சொல்லாது.

உண்மையில் தமிழில் ‘நரம்பு’ என்ற சொல்லே எங்களுக்குக் கொஞ்சம் சிக்கலைத் தருகிறது. யாழின் தந்தியையும் நரம்பு என்றார்கள். இன்று காலில் புடைத்திருக்கும் ரத்தக்குழாயையும் நரம்பு என்கிறோம், குதிகாலின் தசைநாணையும் நரம்பு என்கிறோம். ‘நரம்பு இழுக்குது டாக்டர்’ என்று வருபவரிடம் இழுப்பது எது என்று கண்டுபிடிக்கவே ஐந்து நிமிடம் ஆகும். ஆனால் அறிகுறிகளுக்குத் தமிழில் இருக்கும் சொற்கள் அற்புதமானவை, அவற்றைச் சரியாகப் பயன்படுத்தினால் மருத்துவரின் வேலை பாதி முடிந்துவிடும். மரத்துப்போவது வேறு, மதமதப்பு வேறு; முதலாவதில் கிள்ளினாலும் தெரியாது, இரண்டாவதில் கனமான துணியின் வழியாகத் தொடுவதுபோல் தெரியும். எறும்பு ஊர்வது, ஊசி குத்துவது, மிளகாய் அரைத்த கைபோல் எரிவது, கரண்ட் அடிப்பது ஆகிய ஒவ்வொன்றும் வெவ்வேறு இடத்தைச் சுட்டக்கூடியவை. கழுத்தைக் குனிந்தால் முதுகுத்தண்டில் கரண்ட் பாய்கிறது என்று ஒருவர் சொன்னால் நான் கழுத்துத் தண்டுவடத்தைப் பார்க்க ஓடுவேன். ‘தலை சுற்றுகிறது’ என்பதில் அறை சுற்றுகிறதா, கண் இருட்டுகிறதா, கால் தள்ளாடுகிறதா என்று பிரித்துச் சொல்ல வேண்டும். ‘சோர்வு’ என்பதிலும் இரண்டு உண்டு: செய்ய முடிகிறது ஆனால் தெம்பில்லை என்பது ஒன்று; முயன்றாலும் விரல் மடங்கவில்லை, படியில் முழங்கால் மடிந்துவிடுகிறது என்பது மற்றொன்று. இரண்டாவதுதான் நாங்கள் பலவீனம் என்று சொல்வது. உங்கள் கடிதத்தில் இருப்பது முதலாவது.

இதை எழுதுவதற்கு எனக்கே ஒரு கூச்சம் உண்டு. பணியில் சேர்ந்த புதிதில் ஒரு பரோட்டா மாஸ்டர் வந்தார். பாதம் எரிகிறது, இரவில் போர்வை பட்டாலே தாங்கவில்லை என்றார். இரண்டு நிமிடம் பார்த்து, நாள் முழுக்க அடுப்படியில் நிற்பவருக்கு எரியாமல் என்ன செய்யும் என்று எண்ணி மாத்திரை எழுதி அனுப்பிவிட்டேன். மூன்றாம் முறை வந்தபோது, முகம் கழுவக் கண்ணை மூடினால் குழாயடியில் சாய்ந்துவிடுகிறேன் என்றார். கண்ணை மூடினால் சாய்வது என்பது, நிற்கும் தரையைக் கால் அறிய முடியாமல் கண்ணின் தயவில் நிற்கிறது என்பதற்கான அடையாளம். இசைக்கவையைத் தட்டி அவர் கணுக்கால் எலும்பில் வைத்தேன். அது அதிர்ந்துகொண்டிருக்க, ‘ஏதோ இரும்பு வெச்சிருக்கீங்க’ என்றார், அதிர்வு அவருக்குத் தெரியவேயில்லை. முதல் நாளே அதை வைத்துப் பார்த்திருக்க வேண்டியவன் நான். அதனால்தான் சொல்கிறேன்: ஏழு வாரத்தில் உங்களுக்குரிய வேலை நோயின் பெயரைக் கண்டுபிடிப்பதல்ல. என்ன நடக்கிறது என்பதற்கு நல்ல சாட்சியாக இருப்பது.

அதற்கு ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். தினமும் மாலையில் பத்து நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். எது, எங்கே, எத்தனை மணிக்குத் தொடங்கி எவ்வளவு நேரம், அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள், எதில் குறைந்தது என்று எழுதுங்கள். ‘இன்று கால் மோசம்’ என்பதால் பயனில்லை. ‘மாலை ஆறு மணி, மாடிப்படி இறங்கும்போது படியின் விளிம்பு இடது பாதத்துக்குத் தெரியவில்லை, கைப்பிடியைப் பிடித்தேன்’ என்பது மருத்துவருக்குத் தங்கம். வெந்நீரில் குளித்ததும் பார்வையோ காலோ சிறிது நேரம் மோசமாகிறதா என்றும் கவனியுங்கள். உடலுழைப்புக்குப் பின் பார்வை மங்குவதை 1890-இல் ஊட்ஹோஃப் என்ற ஜெர்மானியக் கண் மருத்துவர் விவரித்தார்; உடல் சூட்டால் வருவது என்று பின்னர் தெரிந்த இந்தக் குறிப்பு இன்றும் எங்களுக்கு உதவுகிறது. சதை துடிப்பதைக் கணவர் கைப்பேசியில் ஒரு நிமிடம் படம்பிடிக்கட்டும், நீங்கள் நடப்பதையும் பின்னாலிருந்து எடுக்கட்டும். மருத்துவமனைக்குப் போகும் நாளில் எங்கள் முன் வந்ததும் எல்லா அறிகுறியும் ஒளிந்துகொள்வது வழக்கம். போவதற்கு முந்தின இரவு நோட்டு முழுவதையும் ஒரே பக்கமாகச் சுருக்கி எழுதுங்கள், ஏனென்றால் நாற்பது பக்கத்தை யாரும் படிக்கமாட்டார்கள். எனக்கும் அவ்வளவு பொறுமை இல்லை.

பத்து நிமிட வரம்பை வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. மணிக்கொருமுறை பாதத்தைத் தொட்டுப் பார்ப்பவருக்கு உணர்வு மேலும் குழம்பும். ஒரே இடத்தில் கவனத்தைக் குவித்தால் நோயில்லாத காலிலும் ஏதோ ஊர்வதுபோல் இருக்கும். இரவுத் தேடலும் அப்படித்தான். தேடுபொறிக்கு உங்கள் வயதும் தெரியாது, உங்கள் காலை அது தட்டிப் பார்த்ததுமில்லை. எது அதிகம் படிக்கப்படுகிறதோ அதை முன்னே வைக்கும், அச்சமூட்டுவதுதான் அதிகம் படிக்கப்படுகிறது. கைப்பேசியை இரவு ஒன்பதரைக்குச் சமையலறையில் சார்ஜில் போட்டுவிட்டு வந்து படுங்கள். படித்தே ஆக வேண்டும் என்றால் ஞாயிற்றுக்கிழமை பகலில், கணவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் படியுங்கள்.

உங்களை மிகவும் அச்சுறுத்தும் மோட்டார் நியூரான் நோயைப் பற்றி வெளிப்படையாகவே சொல்கிறேன். அந்த நோய் தசையை இயக்கும் நரம்பணுக்களைத் தாக்குவது. பாதத்தில் மதமதப்பும் செருப்பு விழுவது தெரியாமையும் அதன் குணம் அல்ல. பலவீனமும் தசை மெலிவும் இல்லாமல் சதை மட்டும் துடிப்பது மிகப் பெரும்பாலும் தீங்கற்றது. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் அப்படித் துடிப்பு மட்டுமே இருந்த 121 பேரை இரண்டு முதல் முப்பத்திரண்டு ஆண்டுகள் வரை கவனித்து 1993-இல் வெளியிட்டார்கள். ஒருவருக்கும் அந்த நோய் வரவில்லை. தூக்கமின்மை, காபி, பதற்றம் மூன்றும் துடிப்பை அதிகமாக்கும். இரண்டு மணிக்கு எழுந்து தேடுபவருக்கு இந்த மூன்றும் எப்படிச் சேர்கின்றன என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸைப் பொறுத்தவரை, தாமதம் ஏன் என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். அந்த நோய் நரம்பு மண்டலத்தில் ஓரிடத்துக்கு மேல், ஒரு காலத்துக்கு மேல் தாக்கியிருக்கிறது என்று காட்டினால்தான் உறுதியாகும் என்பதே நெடுங்காலம் விதியாக இருந்தது. எம்.ஆர்.ஐ. வருவதற்கு முன் இரண்டாவது தாக்குதல் வரும்வரை ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். 2001-இல் வகுத்த மெக்டொனால்ட் அளவுகோல் படங்களையும் சான்றாக ஏற்றதால் காத்திருப்பு குறைந்தது, 2017-இல் இன்னும் குறைந்தது. ஆனாலும் சிலருக்கு, சில மாதம் கழித்து எடுக்கும் அடுத்த படம்தான் விடை சொல்லும். காலம் நகர்வதும் எங்கள் துறையில் ஒரு பரிசோதனை. அதை எந்த ஆய்வகத்திலும் விரைவுபடுத்த முடியாது. கணிசமானவர்களுக்கு எல்லாப் பரிசோதனைக்குப் பிறகும் நரம்பு நோயின் காரணம் அகப்படாமலே போவதும் உண்டு. அவர்களில் பலருக்கு அது மெதுவாகவே நகரும், எரிச்சலுக்கும் வலிக்கும் மருந்து காரணம் தெரியாமலேயே கொடுக்கலாம்.

‘டென்ஷன்’ என்ற சொல்லுக்கு இன்னும் கணக்குத் தீர்க்கவில்லை. நரம்பில் காயமில்லாமல், மூளை உடம்பை இயக்கும் முறை மட்டும் பிசகுவதால் வரும் கோளாறு ஒன்று உண்மையிலேயே உண்டு; அதைச் செயல்பாட்டு நரம்பியல் கோளாறு என்கிறோம். ஆனால் அது ‘ரிப்போர்ட் நார்மல், ஆகவே மனசு’ என்று முடிவு கட்டும் விஷயமல்ல, சோதித்துக் கண்டுபிடிக்க வேண்டியது. 1908-இல் ஹூவர் என்பவர் எழுதிய சோதனையையே எடுத்துக்கொள்ளுங்கள்: படுத்திருப்பவரின் பலவீனமான காலின் குதிகாலை மெத்தையில் அழுத்தச் சொன்னால் அழுத்த முடியாது, மறு காலைத் தூக்கச் சொன்னால் அதே குதிகால் தானாகவே வலுவாக அழுத்தும். கால் பழுதாகவில்லை, அதற்குப் போகும் கட்டளைதான் தடம் மாறுகிறது என்பதை நோயாளியே கண்ணால் பார்க்கிறார். இதற்குப் பயிற்சியும் சிகிச்சையும் உண்டு, இதுவும் நடிப்பு அல்ல. முறையாகப் பரிசோதித்துச் சொன்னால் அந்த முடிவு தவறுவதும் அரிது. ஸ்காட்லாந்தில் நோயால் விளக்க முடியாத அறிகுறிகளோடு நரம்பியல் பிரிவுகளுக்கு வந்த 1,030 பேரை ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு கழித்துப் பார்த்தபோது, எதிர்பாராத வேறு நோய் வெளிப்பட்டது நான்கு பேருக்குத்தான் என்று 2009-இல் எழுதினார்கள். உங்களுக்கு இது என்று நான் சொல்லவில்லை. ஒருவேளை நாளை யாராவது சொன்னால் அதை அவமானமாக எடுத்துக்கொள்ள வேண்டாம், எந்தச் சோதனையை வைத்துச் சொல்கிறார் என்று மட்டும் கேளுங்கள்.

இனி, காத்திருக்காமல் ஓட வேண்டிய நேரங்கள். முகம் ஒரு பக்கம் கோணுவது, பேச்சுக் குழறுவது, ஒரு கை அல்லது கால் திடீரென்று விழுவது, இதுவரை வந்திராத கடும் தலைவலி ஒரே நொடியில் வெடிப்பது, வலிப்பு வருவது ஆகிய எதுவானாலும் 108-ஐ அழையுங்கள். ரத்தக்குழாய் அடைப்பால் வரும் பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக நாலரை மணி நேரம்தான் அவகாசம். பலவீனம் சில நாட்களுக்குள் காலிலிருந்து மேலேறுவது, மூச்சு வாங்குவது, விழுங்க முடியாமல் போவது, சிறுநீர் அடைத்துக்கொள்வது அல்லது தெரியாமல் போவது, உட்காருமிடம் மரத்துப்போவது, வலியோடு ஒரு கண் பார்வை மங்குவது ஆகியவற்றுக்கும் ஏழு வாரக் கணக்கு கிடையாது, அன்றே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். இந்தப் பத்தியைக் கணவர் படித்து வைத்துக்கொள்ளட்டும்.

அன்றாடத்தில் முதலில் செருப்பை மாற்றுங்கள். குதிகாலைச் சுற்றி வார் உள்ள செருப்புதான் இப்போது உங்களுக்கு ஏற்றது. இரவில் படுக்கும் முன் பாதத்தின் அடியை, எட்டவில்லையென்றால் ஒரு கண்ணாடியை வைத்துப் பாருங்கள்; முள்ளோ கொப்புளமோ இருந்தால் உங்களுக்குத் தெரிவதற்கு முன் கண்ணுக்குத் தெரியும். மெட்டி அழுத்தும் இடத்தையும் பாருங்கள். வெந்நீரைப் பாதத்தால் சோதிக்காமல் முழங்கையால் சோதியுங்கள். கழிப்பறைக்குப் போகும் வழியில் இரவு முழுவதும் ஒரு சிறிய விளக்கு எரியட்டும், ஏனென்றால் இருட்டில் கண்ணின் துணையும் போய்விட்டால் கால் தடுமாறும். உச்சி வெயிலில் கோயில் பிராகாரத்தில் வெறுங்காலோடு நடக்க வேண்டாம். சமயபுரம் நடைப்பயணத்தை, உணர்வில்லாத பாதத்தோடு செய்ய மருத்துவராக என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. வேண்டிக்கொண்டவரிடமே, கால் சரியான பிறகு என்றுதானே வேண்டினீர்கள் என்று அன்போடு நினைவூட்டுங்கள்.

மாலைச் சோர்வுக்கு: காலையிலேயே கோலம், சமையல், குடம் தூக்குவது, பேருந்து என்று எல்லாவற்றையும் செலவழித்துவிட்டு மாலைக்கு ஒன்றும் மிச்சமில்லையே என்று கேட்டால் உடம்பு என்ன செய்யும்? குடத்தைக் கணவர் தூக்கட்டும். நன்றாக இருக்கும் நாளில் விட்டதையெல்லாம் சேர்த்துச் செய்து, மறுநாள் படுத்துவிடுவதைத் தவிருங்கள். நாள்தோறும் சமதரையில் இருபது நிமிட நடையை மட்டும் விட வேண்டாம்.

மகளிடம் மறைக்காதீர்கள். இரவில் அம்மா விழித்திருப்பதை ஒன்பது வயதுக் குழந்தை கவனிக்காமல் இருக்காது. ‘அம்மா காலுக்குத் தொடுவது சரியாத் தெரியலை, டாக்டர் ஏன்னு பார்த்துட்டிருக்காங்க’ என்ற அளவு போதும்; அதில் பொய்யும் இல்லை, பயமுறுத்தலும் இல்லை. பயம் உங்களையே விழுங்குகிறது என்று தோன்றும் இரவில் 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை. மனநல ஆலோசனை கேட்பதால் உங்கள் கால் நோய் மனநோய் ஆகிவிடாது.

பரிசோதனை நாளுக்குச் சில குறிப்புகள். நரம்புக் கடத்தல் பரிசோதனைக்குப் போகும்போது கைகாலில் எண்ணெயோ கிரீமோ தடவ வேண்டாம், தோலில் ஒட்டும் பட்டைகள் வழுக்கும். கால் சில்லிட்டிருந்தால் நரம்பின் வேகம் குறைந்து காட்டும், எனவே ஏ.சி. அறையில் காத்திருக்க நேர்ந்தால் காலுறை போட்டுக்கொண்டு உட்காருங்கள். சிறு மின் அதிர்ச்சி சுளீரென்று இருக்கும், தாங்கக்கூடியதுதான். தசைக்குள் ஊசி வைத்துப் பார்ப்பதாக இருந்தால், ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும். எம்.ஆர்.ஐ. அறைக்குள் மெட்டி, வளையல், கொலுசு எதுவும் கூடாது. தாலிச் சங்கிலியைக் கழற்ற மனம் வராமல் வாசலில் நின்று அழுதவர்களை நான் பார்த்திருக்கிறேன், ஆகையால் முந்தின நாளே மாமியாரிடம் சொல்லி ஒரு மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு போங்கள், அதில் உலோகம் எதையும் கோக்க வேண்டாம்.

மருத்துவர் முன் உட்கார்ந்ததும் வெண்புள்ளியிலிருந்து தொடங்காதீர்கள். பேருந்து நிறுத்தத்தில் விழுந்த செருப்பிலிருந்து தொடங்குங்கள்.